முப்பது மைக்ரான்

என் வேலை கல்லைத் தேய்ப்பது.
பதுவா பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை,
சுழலும் ஓர் இரும்புத் தட்டு,
கைப்பிடி அரைக்கும் பொடி,
சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
கல் சூடாகக் கூடாது; அது முதல் விதி.
சூடேறினால் பசை இளகும்,
கண்ணாடித் தகட்டை விட்டுச் சில்லு கழன்றுபோகும்,
மூன்று நாள் உழைப்பு சாக்கடையில்.

திங்களன்று வந்தது அதமெல்லோ மலையின் கல்.
உப்பும் மிளகும் கலந்த சாம்பல்,
நடுவில் தாரில் தோய்த்த கயிற்றை
வைத்து மூடியதுபோல் ஒரு கறுப்புக் கோடு.
கோட்டிலிருந்து பக்கவாட்டில் சின்னச் சின்ன முட்கள்,
தப்பியோட வழி தேடியதுபோல.

பனிமலை வெயிலில் மூக்குத்தோல் உரிந்திருந்த
தாரியோ என்கிற பையன் சொன்னான்:
"நீவெஸ், இது எரிமலைக்குப் பிறந்ததில்லை.
பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில்
பாறைமேல் பாறை உரசி ஓடியது.
அந்த உரசலிலேயே உருகியது.
மூன்று கோடி வருஷம் ஆகிறது."
எவ்வளவு நேரம் ஓடியது என்றேன்.
"இந்த இடத்திலா? ஒன்றிரண்டு நொடி."

தலையாட்டினேன்.
ஜெமோனாவில் பிறந்தவளிடம்
நொடிக்கணக்குச் சொல்கிறான்.

எழுபத்தாறு, மே மாதம், ராத்திரி ஒன்பது மணி.
இலை அசையாத புழுக்கம்.
அப்பா ஷிப்ட் முடிந்து வரவில்லை.
செப்புக் குண்டானில் பொலெந்தா கிண்டிக்கொண்டிருந்தாள் அம்மா.
அடிப்பிடிக்காமலிருக்கக் கை ஓயக் கூடாது.
ஓய்ந்தது.

மலைக்கடியில் படுத்திருக்கும் ஓர்கொலாட்
புரண்டான் என்பார்கள் எங்கள் பக்கம்.
பூதத்தின்மேல் பழி போடுவது சுலபம்,
பூதத்துக்கு வக்கீல் கிடையாது.

ஒரு நிமிஷம் என்று பத்திரிகை எழுதியது.
வியாழன் இரவு விழுந்த வீட்டிலிருந்து
சனிக்கிழமை மதியம் அண்ணனை எடுத்தார்கள்,
உயிரோடு.
என் கணக்கில் அதுவரை ஆடியது.

இரண்டாம் நாள், எண்பது மைக்ரான்.
கோடு இன்னும் கும்மிருட்டு.
ஐம்பதில் ஓரமாய் வெளிச்சம் கசிந்தது.
முப்பதில் நிறுத்தினேன்.
கறுப்பு என்றிருந்தது
கருகிய சர்க்கரைப் பாகின் நிறம்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால்
கறுப்பு மைக்கா காணவே காணோம்.
முதலில் உருகுவது அதுதானாம்.
பெல்ட்ஸ்பார் விளிம்பு கரைந்து நிற்கிறது.
குவார்ட்ஸ் மட்டும் அங்கங்கே,
அந்தக் கொதியில் முழுகியும் உருகாமல்,
மூலைகள் மழுங்கி, உருண்டையாய்,
உள்ளே ஒரு கீறலோடு.

எர்மேஸ்!
உதினேயில் டயர் விற்கிறான்.
இடது காதில் சத்தம் விழாது,
அதனால் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று சண்டை.

தாரியோ இன்னொன்றும் சொன்னான்.
உருகும்வரைதான் பாறை முரண்டு பிடிக்குமாம்.
உருகிவிட்டால்
எண்ணெய் விட்ட தாழ்ப்பாள்,
தடுக்க எதுவுமில்லை.
நின்றதும் உறையும், இரு பக்கத்தையும் ஒட்டிவிடும்.
அடுத்த முறை அங்கே உடையாது,
பக்கத்தில் எங்காவது உடையும்.
இதைச் சொல்லும்போது அவனுக்கு அத்தனை சந்தோஷம்.
நான் வைர முனைப் பேனாவால்
தகட்டின் மூலையில் எண் கீறினேன்.

மாலை, ஆற்றுப் பாலத்துச் சரிவில்
சைக்கிள் தன்பாட்டில் இறங்கியது.
குறுக்கே ஒரு நாய்.
இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன்,
ரப்பர் கத்தியது,
நாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.
இறங்கி, கையுறையைக் கழற்றி,
சக்கரத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன்.

நாய்க்காரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
வெதுவெதுப்பாக இருந்தது.
ஆறும்வரை விரலை எடுக்கவில்லை.